முதுகில் விழுந்த கோடரி

போன சனிக்கிழமை மகளும் நானும் ‘கோல்டன் ஆக்ஸ்’ விளையாடினோம். சேகா நிறுவனத்துக்காக மக்கோட்டோ உச்சிடா உருவாக்கி 1989-இல் வெளிவந்த பழைய விளையாட்டு. இடமிருந்து வலமாக நடந்துகொண்டே எதிரிகளை வெட்டிச் சாய்க்க வேண்டும். 2019-இல் வந்த ‘மெகா டிரைவ் மினி’ கருவியில் அதுவும் இருக்கிறது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “அப்பா, என்னை ஏன் வெட்டுறீங்க?” என்று கத்தினாள்.

இந்த விளையாட்டின் குணமே அதுதான். இருவர் சேர்ந்து ஆடினாலும், வீசும் வாள் எதிரி யார், கூட்டாளி யார் என்று பார்க்காது. அருகில் நின்றால் அடி விழும்.

கிள்ளானில் சிறுவர்களாக இருந்தபோது அண்ணனும் நானும் இதற்காகவே சண்டை போட்டிருக்கிறோம். அண்ணன் எப்போதும் கோடரி ஏந்திய குள்ளன் கிலியஸைத்தான் எடுப்பார். கொல்லப்பட்ட தன் இரட்டைச் சகோதரனுக்காகப் பழிவாங்கப் புறப்பட்டவன் அவன். ஆனால், அந்தக் கோடரி முதலில் விழுவது என் முதுகில்தான்!

அடுத்த வம்பு மந்திரக் குப்பிகள். திருட்டுக் குள்ளர்களை உதைத்தால் நீலக் குப்பிகள் சிதறும். எடுத்தவருக்கே சொந்தம். மந்திரப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சேர்த்தது அத்தனையும் தீர்ந்துவிடும். இரண்டே வீரர்கள் நிற்கும்போது அண்ணன் அழுத்திவிடுவார். நான் அழுவேன். அம்மா வந்து சுவிட்சை அணைப்பார்.

மகளுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். இதில் மேலும் கீழும்கூட நகரலாம். ஒரே கோட்டில் நிற்காமல், நீ மேலே, நான் கீழே என்று பிரிந்துகொண்டால் ஒருவர் வாள் மற்றவர் மேல் படாது. அவள் எடுத்த டைரிஸின் நெருப்பு மந்திரம்தான் மூவரில் வலியது. அதனால் குப்பிகளை அவளுக்கே விட்டுவிட்டேன். “எப்போ போடலாம்?” என்று கேட்டுக் கேட்டுத்தான் போட்டாள். டெத் அடரிடம் தோற்றோம். ஆனாலும், வழியில் ஒரு சண்டைகூட இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்பாவின் மருத்துவச் செலவை யார் எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சில் வாய் தடித்து, அண்ணனும் நானும் பேசி ஐந்து மாதம் ஆகிறது. அவர் எந்த நிலைமையில் நிற்கிறார் என்று நானும் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை.

ஞாயிறு காலை நானே அழைத்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், விளையாடிய கதையைச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் அமைதி.

“அந்தக் குள்ளன் இன்னும் இருக்கானாடா?”

“இருக்கான்ணே.”

பணக் கணக்கு இன்னும் முடியவில்லை. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறார், உட்கார்ந்து பேசப்போகிறோம். அதற்கு முன் ஓர் ஆட்டம். இந்த முறை கீழ்ப்பக்கம் அவருக்கு, மேல்பக்கம் எனக்கு.