சூடான அடுப்பும் ஒரு நர்ஸுக்கு வந்த மெமோவும்

செமஸ்டர் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. படிக்க உட்கார்ந்தால்தான் எனக்கு எழுதத் தோன்றும், என்ன செய்ய :)

இந்த முறை எங்களுக்கு மனிதவள மேலாண்மை ஒரு பேப்பர். அதில் ஒழுங்கு நடவடிக்கை என்று ஒரு யூனிட். பி.காம். படித்தவர்களுக்கு 'சூடான அடுப்பு விதி' ஞாபகம் இருக்கும். டக்ளஸ் மெக்ரிகர் சொன்னது. அடுப்பு சிவந்திருக்கும், அதுவே எச்சரிக்கை. தொட்டால் உடனே சுடும். எத்தனை தடவை தொட்டாலும் சுடும். முதலாளி தொட்டாலும் சுடும், வாட்ச்மேன் தொட்டாலும் சுடும். தண்டனையும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஐந்து மார்க் கேள்வி, நானே ரெண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

எழுதும்போதெல்லாம் சரியாகத்தான் பட்டது, சித்தி வீட்டுக்கு வந்து அழும்வரை.

சித்தி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். பெயர் வேண்டாம். ஒரு நைட் டியூட்டியில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். ஒருவருக்கான மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் அவரே கண்டுபிடித்து, அவரே ஓடிப்போய் டியூட்டி டாக்டரிடம் சொன்னார். கடவுள் புண்ணியத்தில் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் மெமோ வந்தது. பிறகு விசாரணை. பிறகு ஒரு வாரம் சஸ்பென்ஷன், அந்த வருஷ இன்கிரிமென்ட்டும் போச்சு.

நம் பாடப்படி பார்த்தால் எல்லாம் கரெக்ட். விதி இருந்தது, மீறப்பட்டது, சுட்டது. ஆனால் சித்தி அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தை மனசில் நின்றுவிட்டது. "இனிமே யாராவது கேட்டாத்தான்டா சொல்வேன். நானா போய்ச் சொல்ல மாட்டேன்." இருபது வருஷமாக நேர்மையாக வேலை பார்த்த ஒரு நர்ஸுக்கு அந்த மெமோ கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இதற்கு வேறு வழியே கிடையாதா என்று தேடியபோது கண்ணில் பட்டவர்தான் அமாண்டா ஓட்ஸ். இங்கிலாந்தில் லிவர்பூல் வட்டாரத்தில் மெர்சி கேர் என்று என்.எச்.எஸ். அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. என்.எச்.எஸ். என்பது 1948-ல் தொடங்கிய அவர்களுடைய அரசு மருத்துவ சேவை. மெர்சி கேர் முக்கியமாக மனநல சிகிச்சைக்குப் பேர்போனது. ஆஷ்வொர்த் என்ற உச்சகட்டப் பாதுகாப்புள்ள மனநல மருத்துவமனையும் அவர்கள் கையில்தான். அங்கே மனிதவளத் துறையின் நிர்வாக இயக்குநராக இருந்தவர் ஓட்ஸ்.

நோயாளிகளுக்குக் குறையே இல்லாத கவனிப்பு தர வேண்டும் என்று அந்த நிர்வாகம் ஓர் இலக்கு வைத்தது. அதற்கு என்ன தடை என்று 2016 வாக்கில் ஊழியர்களிடமே கேட்டார்கள். நாமாக இருந்தால் சம்பளம், ஆள் பற்றாக்குறை, கருவி இல்லை என்று பட்டியல் போடுவோம். அங்கே பெரிதாக எழுந்து நின்ற பதில், பயம். ஏதாவது தப்பாகிவிட்டால் பழி நம் தலையில் விழும் என்ற பயம். அந்த பயத்தை உண்டாக்கும் மெமோவும் விசாரணையும் சஸ்பென்ஷனும் எந்த டிபார்ட்மென்ட்டிலிருந்து வருகின்றன? எச்.ஆர்.-லிருந்துதான். அதாவது நோயாளியின் பாதுகாப்புக்குத் தடையாக நின்றவர்களில் எச்.ஆர்.-உம் ஒருவர்!

இந்த மாதிரி பதில் வந்தால் பல அதிகாரிகள் அந்தக் காகிதத்தை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஓட்ஸும் அன்றைய தலைமை நிர்வாகி ஜோ ராஃபர்டியும் அதைச் செய்யவில்லை. சிட்னி டெக்கரின் உதவியை நாடினார்கள். டெக்கர் ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகப் பேராசிரியர், விமான விபத்துகளையும் மருத்துவத் தவறுகளையும் ஆராய்பவர். நம் பாடத்தில் வரும் விசாரணை மூன்று கேள்வி கேட்கும்: எந்த விதி மீறப்பட்டது? எவ்வளவு மோசமான மீறல்? என்ன தண்டனை? டெக்கர் கேட்கச் சொன்ன மூன்று கேள்விகள் வேறு: யாருக்குக் காயம்? அவர்களுக்கு என்ன தேவை? அந்தத் தேவையை நிறைவேற்றுவது யார் கடமை?

இதையே சித்தி விஷயத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு விடை, நோயாளியும் அவர் குடும்பமும். அவர்களிடம் யாராவது நேராகப் போய் நடந்ததைச் சொன்னார்களா? இல்லை. இரண்டாவதாகக் காயப்பட்டவர் சித்தி. அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? அதுவும் இல்லை. மூன்றாவது கேள்விக்கு வந்தால் நிர்வாகமே மாட்டிக்கொள்ளும். ஒரே பெயர்க்காரர்களைப் பக்கத்தில் படுக்க வைத்தது யார்? அன்று இரவு ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள்? மெமோவில் இதெல்லாம் ஒரு வரிகூடக் கிடையாது. சித்தியைத் தண்டித்து முடித்த மறுநாளும் அந்த வார்டில் அதே தப்பு நடக்க எல்லா வசதியும் அப்படியே இருந்தது.

சரி, காமர்ஸ் மாணவன் என்பதால் கணக்குக்கு வருகிறேன். மெர்சி கேர் அனுபவத்தைப் பற்றி 2019-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. சஸ்பென்ஷனும் பணிநீக்கமும் குறைந்தன. தவறுகளையும் ஆபத்தான நிகழ்வுகளையும் ஊழியர்கள் தாமாக வந்து சொல்வது கூடியது. மொத்தத்தில் சுமார் 25 லட்சம் பவுண்டு பலன், அதாவது அந்த நிறுவனத்தின் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். சஸ்பெண்ட் ஆனவருக்குச் சம்பளம், அவர் இடத்துக்கு வேறு ஆள், விசாரணை அதிகாரியின் நேரம், வக்கீல் செலவு எல்லாம் யோசித்தால் தண்டனை ஒன்றும் இலவசம் இல்லை என்பது புரியும்.

ஆனால் ஆடிட்டிங் பேப்பரும் நான் படித்தவன். அந்தக் கட்டுரையை எழுதிய ஐந்து பேரில் ஓட்ஸ், ராஃபர்டி, டெக்கர் மூவரும் உண்டு. சொந்தக் கம்பெனிக் கணக்கைத் தானே தணிக்கை செய்த மாதிரிதான். அதனால் அந்த ஒரு சதவீதத்தை நான் அப்படியே விழுங்கவில்லை. இருந்தாலும் திசை சரி என்றுதான் நினைக்கிறேன். அதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது பணம் சம்பந்தப்பட்டது அல்ல.

லண்டனில் வேறொரு என்.எச்.எஸ். அறக்கட்டளையில் ஒரு நர்ஸ் 2015 டிசம்பரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீட்டுக்குக் காத்திருந்த நிலையில் 2016 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மீதான விசாரணை நடத்தப்பட்ட விதம் தவறு என்று 2018-ல் சுயேச்சை விசாரணை அறிக்கை கடுமையாகச் சொன்னது. 2019 மே மாதம் என்.எச்.எஸ். இம்ப்ரூவ்மென்ட் அமைப்பின் அன்றைய தலைவர் டைடோ ஹார்டிங், எல்லா அறக்கட்டளைகளுக்கும் கடிதம் எழுதி ஒழுங்கு நடவடிக்கை முறைகளைத் திருத்தச் சொன்னார். ஓர் உயிர் போன பிறகு வந்த கடிதம் அது.

அடுப்பு ஆள் பார்த்துச் சுடாது என்றோமே, அதுவும் பொய்தான். வெள்ளையர் அல்லாத ஊழியர்கள் முறையான ஒழுங்கு நடவடிக்கையில் சிக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு என்று என்.எச்.எஸ்.-இன் 2016-ஆம் வருட இனச் சமத்துவ அறிக்கையே காட்டியது. பிற்பாடு இது குறைந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் அங்கே போய் வேலை பார்க்கும் நர்ஸுகளை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

'அப்படின்னா தப்பு பண்ணவனை விட்டுடலாமா?' என்று என் பெஞ்ச்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. வேண்டுமென்றே நோயாளியை அடித்தவனை, திருடியவனை யாரும் விடச் சொல்லவில்லை. அதற்குப் போலீஸ் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நோயாளியின் குடும்பத்துக்குப் பதில் கிடைத்தே ஆக வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு நர்ஸை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் கிடைக்கிறது? என்ன நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த நர்ஸ். அவர் வாயைத்தான் நாம் முதலில் அடைக்கிறோம்.

ஒரு வேடிக்கை. சூடான அடுப்பைச் சொன்ன அதே மெக்ரிகர்தான் எக்ஸ் கோட்பாடு, ஒய் கோட்பாடு என்று 1960-ல் எழுதினார். மனிதர்கள் இயல்பாகவே பொறுப்பு எடுத்துக்கொள்வார்கள், நம்பினால் போதும் என்பது ஒய். தப்பை மறைக்காமல் ஓடிப்போய்ச் சொன்ன சித்தி அந்த ஒய் ரகம். அடுப்பைத் தொட்ட எக்ஸ் ரகமாக அவரை நடத்தியது நிர்வாகம். நம் புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு யூனிட். அதனால்தானோ என்னவோ யாரும் சேர்த்துப் படிப்பதில்லை.

ஒரு ஆஸ்பத்திரியின் எச்.ஆர். எவ்வளவு நல்லது என்று தெரிய எத்தனை மெமோ கொடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம். எத்தனை பேர் தாமாக வந்து 'நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்' என்று சொன்னார்கள் என்று எண்ணினால் போதும். என் கருத்து இவ்வளவுதான்.

கிளாஸ்மேட்ஸுக்குக் கடைசியாக ஒன்று. நம்மில் ஏழெட்டுப் பேராவது எம்.பி.ஏ. முடித்து ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் எச்.ஆர்.-இல் போய் உட்காரத்தான் போகிறோம். சித்திக்கு வந்த மாதிரி ஒரு மெமோவை டைப் அடிக்கச் சொல்லி நம்மிடம்தான் வரும். அடிப்பதற்கு முன்னால் அந்த வார்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

பரீட்சையில் மட்டும் சூடான அடுப்பை அப்படியே எழுதிவிடுங்கள். ஐந்து மார்க் முக்கியம் :)