க்ளோ இன்ஜினா, மோட்டாரா? கள்ளக்குறிச்சியில் இருந்து ஒரு பதில்

"ஆர்சி விமானத்துக்கு .40 இன்ஜின் போதுமா, .46 வேணுமா டாக்டர்?" இன்பாக்ஸில் அடிக்கடி வர்ற கேள்வி.

அளவில் குழப்பமே வேண்டாம். றெக்கை 60 அங்குலம், எடை இரண்டரை கிலோ. அதுக்குச் சின்னதுன்னா காத்துல தடுமாறும், கொஞ்சம் தள்ளிப் போனாலே கண்ணுக்குத் தெரியாது. இந்த சைஸுக்கு வழக்கமா போடுறது .46, அதாவது ஏழரை சிசி க்ளோ இன்ஜின்.

ஆனா அது குடிக்கிறது பெட்ரோல் இல்லீங்க. கிட்டத்தட்ட முக்கால்வாசி மெத்தனால். 2024 ஜூன்ல நம்ம கருணாபுரத்தை சுடுகாடாக்கி, 60 பேருக்கு மேல உயிரை வாங்கின அதே மெத்தனால்.

உடம்புக்குள்ள அது ஃபார்மிக் அமிலமா மாறி பார்வை நரம்பைத் தாக்கும். முதல் சில மணி நேரம் சாதாரண போதை மாதிரிதான் தெரியும். வெள்ளிமலையில இருந்து டயாலிசிஸ் இருக்கிற இடத்துக்கு இறங்கி வர்றதுக்குள்ள பாதி காரியம் கெட்டிருக்கும்.

"விமானம் விடுறவன் அதைக் குடிப்பானா?" குடிக்க மாட்டான். வீட்டுல மத்தவங்க இருக்காங்களே!

என் சிபாரிசு: 600-700 வாட் பிரஷ்லெஸ் மோட்டார், 4 செல் லிப்போ. கிலோவுக்கு 250 வாட்னு கணக்கு. கல்வராயன் மலையில இன்னொரு லாபம். ஆயிரம் அடி ஏறினா இன்ஜின் சக்தி சுமார் 3 சதவீதம் குறையும், ஊசியைத் திருகி கலவையை மறுபடி சரிபண்ணணும். மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை.

லிப்போவும் தீப்பிடிக்கும், சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதீங்க.

ஏற்கெனவே க்ளோ வச்சிருக்கிறவங்க, எரிபொருளை அது வந்த கேன்லயே பூட்டி வைங்க. யாராவது குடிச்சுட்டா, கேனையும் கையோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க.