கம்யூனிட்டி காலி... எக்ஸ்ட்ரா ஹவுஸ்ஃபுல்!

மறுநாள் காலையில புராஜெக்ட் ரிவ்யூ. முந்தின ராத்திரி 11 மணிக்கு ரூம்மேட் அலர்றான்... ''மச்சி, ஆர்ச் லினக்ஸ்ல இருந்து கிகேடையே தூக்கிட்டாங்கடா!''

கிகேட்னா, சர்க்யூட் வரைஞ்சு பி.சி.பி. டிசைன் பண்ற இலவச சாஃப்ட்வேர். அதை இன்ஸ்டால் பண்ணப் போனா 404. சரின்னு ரெப்போ லிஸ்ட்டைப் புதுப்பிச்சா, 'கம்யூனிட்டி'ங்கிற ரெப்போவே இல்லைனு எரர். பையன் பென் டிரைவை எடுத்துட்டான். ''ஃபார்மட் அடிச்சிட்டு உபுண்டு போட்டுடறேன்!'' அந்த லேப்டாப்லதான் செமஸ்டர் முழுக்க எழுதின கோடு இருக்கு. பேக்கப்? ஹி... ஹி...

இது நடந்தது 2025 ஏப்ரல்ல. கதை ஆரம்பிச்சது 2023 மே மாசம்.

அதுவரைக்கும் ஆர்ச்ல கோர், எக்ஸ்ட்ரா, கம்யூனிட்டினு தனித்தனி ரெப்போக்கள். முதல் ரெண்டையும் டெவலப்பர்கள் பார்த்துக்கிட்டாங்க. கம்யூனிட்டி, 'டிரஸ்டட் யூசர்'னு சொல்ற தன்னார்வலர்கள் கையில. எல்லாத்தையும் எஸ்.வி.என்-ல இருந்து கிட்டுக்கு மாத்தினப்ப, கம்யூனிட்டியை மொத்தமா எக்ஸ்ட்ராவுல சேர்த்துட்டாங்க. (ஃபெடோராகாரங்க இதே மாதிரி கோரையும் எக்ஸ்ட்ராஸையும் 2007-லயே சேர்த்தாச்சு. ஃபெடோரா 7 ஞாபகமிருக்கிற சீனியர்ஸ், ஒரு சலாம்!)

ஆக, கிகேட் எங்கேயும் போகலை. பக்கத்து ரூமுக்கு ஷிஃப்ட் ஆகியிருக்கு, அவ்ளோதான். பழைய ரூமையும் உடனே இடிக்கலை. யாருக்கும் எரர் வரக் கூடாதுனு காலியாவே விட்டுவெச்சிருந்தாங்க. முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்துட்டு, 2025 மார்ச்லதான் நீக்க ஆரம்பிச்சாங்க. அந்த அறிவிப்பை நம்மாளு படிக்கலை. நான் மட்டும் படிச்சேனா என்ன?

செம மேட்டர் இனிமேதான். 2023-லயே பேக்மேன் அப்டேட்டோட, கம்யூனிட்டி இல்லாத புது செட்டிங் ஃபைல் வந்திருக்கு. ஆனா, நாம கை வெச்ச ஃபைலை பேக்மேன் அழிக்காது. புதுசை 'பேக்நியூ'னு வால் சேர்த்து பக்கத்துல வெச்சிட்டுப் போயிடும், வீடு பூட்டியிருந்தா கதவிடுக்குல லெட்டர் சொருகிட்டுப் போற போஸ்ட்மேன் மாதிரி. எங்க சீனியர் ஒருத்தர் எப்பவோ பேக்மேனுக்குக் கலர் வரணும்னு அந்த ஃபைல்ல கை வெச்சிருந்தார். ரெண்டு வருஷமா பிரிக்காத லெட்டர் அங்கேயே கிடக்குது!

பழைய ஃபைல்ல கம்யூனிட்டிக்கான ரெண்டு வரியை அழிச்சோம். உடனே நம்மாளு, ''கிகேடை மட்டும் இழுத்துடலாமாடா?''னான். கையைப் பிடிச்சுட்டேன். அப்டேட் பார்த்துப் பல மாசம் ஆன சிஸ்டத்துல புது சாஃப்ட்வேரை மட்டும் ஏத்தினா, அது கேக்கிற லைப்ரரி ஒரு வெர்ஷன்ல இருக்கும், இங்கே இருக்கிறது வேற வெர்ஷன்ல இருக்கும். அப்புறம் எது திறக்கும், எது திறக்காதுனு சொல்லவே முடியாது. முதல்ல கீரிங் பேக்கேஜ். பழைய கையெழுத்துச் சாவிகளை வெச்சுக்கிட்டு புது பேக்கேஜ்களை நம்ப மாட்டேன்னு பேக்மேன் அடம்பிடிக்கும். அது வந்த கையோட முழு அப்டேட். ஹாஸ்டல் வைஃபை ஸ்பீடுல அதுக்கு மட்டும் மூணு மணி நேரம்!

ராத்திரி 3 மணிக்கு கிகேட் திறந்துச்சு. நம்மாளு முகத்துல பல்பு! ரெசிஸ்டர் ஒண்ணு வைக்கலாம்னு தேடினான்... ஒரு சிம்பல்கூட இல்லை.

''மச்சி, ரெசிஸ்டரையும் தூக்கிட்டாங்கடா!''

சிம்பல்கள், ஃபுட்பிரின்ட்கள் எல்லாம் 'கிகேட் லைப்ரரி'னு தனி பேக்கேஜ். அதுவும் எக்ஸ்ட்ராவுலதான் பத்திரமா இருந்துச்சு.