200 என்றால் ஓகே... நிஜமாகவா?

அரியர் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். ராத்திரி பதினொன்றரை மணி. ஃபார்மை நிரப்பி ‘சப்மிட்’ அமுக்கியாச்சு. பக்கம் பாதி வந்து நிற்கிறது. மேலே எம்பளம் மட்டும் தெரிகிறது, கீழே முழுக்க வெள்ளை. கை சும்மா இருக்குமா? எஃப்5 பட்டனைத் தட்டுகிறீர்கள். ‘ஃபார்மை மறுபடியும் அனுப்பட்டுமா?’ என்று பிரவுசர் கேட்கிறது. ‘சரி’ என்றால் பணம் ரெண்டு தடவை போய்விடுமோ என்று பயம். ‘வேண்டாம்’ என்றால் முதல் தடவையாவது போச்சா என்று தெரியாத அவஸ்தை.

அந்தப் பாழாய்ப்போன கேள்வி உங்கள் முன்னால் வந்து நிற்கக் காரணம், சைட்டை எழுதினவர் ஒரே ஒரு வரியை எழுதாமல் விட்டது. அந்த வரியைப் பற்றியும் அதன் சொந்தபந்தங்களைப் பற்றியும் இந்த வாரம் பேசலாம். ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு ‘ஆன்லைன் ஏதோ ஒன்று மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ செய்யப் போகிறவர்கள் கொஞ்சம் முன்வரிசைக்கு வரவும்.

பிரவுசர் கேட்கிறது, சர்வர் பதில் சொல்கிறது. கேட்பது ரிக்வெஸ்ட், பதில் ரெஸ்பான்ஸ். ரெஸ்பான்ஸை ஒரு தபால் கவராக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற கடிதம்தான் நாம் பார்க்கிற பக்கம். கவரின் மேலே மூன்று இலக்க எண் ஒன்றும், ஹெடர் எனப்படும் சில குறிப்புகளும் இருக்கும். மனுஷன் கடிதத்தைப் படிப்பான். பிரவுசர், கூகுளின் தேடல் ரோபாட், மொபைல் ஆப், ‘சர்வர் உயிரோட இருக்கா’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் காவல்கார புரோகிராம்... இதுங்க எல்லாம் முதலில் பார்ப்பது கவரைத்தான்.

200 என்றால் எல்லாம் சரி. 3-ல் ஆரம்பித்தால் ‘அங்கே போய்ப் பாரு’. 4-ல் ஆரம்பித்தால் கேட்டவர் மேல் தப்பு. 5-ல் ஆரம்பித்தால் சர்வர் மேல் தப்பு. 1-ல் ஆரம்பிக்கிற கோஷ்டியும் உண்டு, நம்ம கண்ணில் அதிகம் படாது.

ஆரம்பத்தில் இந்த எண்களே கிடையாது. 1991-ல் இருந்த முதல் எச்.டி.டி.பி.யில் சர்வர் வெறும் பக்கத்தை மட்டும் அனுப்பும். ஏதாவது தப்பு என்றால் அதையும் ஒரு பக்கமாகவே எழுதி அனுப்பும். படித்துப் பார்த்தால்தான் இது பதிலா, புலம்பலா என்று தெரியும். புரோகிராமுக்கு அது எப்படித் தெரியும்? அதனால்தான் எண்கள் வந்தன. 1996-ல் வெளியான 1.0 ஆவணத்திலேயே நமக்குப் பழக்கமான 200, 404, 500 எல்லாம் இருக்கின்றன.

இப்போது ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் ஆபீஸில் பிறந்து, 2005-ல் வெளியுலகுக்கு வந்த பைத்தான் ஃபிரேம்வொர்க். பெயர், ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் கலைஞருடையது. இதில் சட்டம் ரொம்ப சிம்பிள். ‘வியூ’ என்று ஒரு ஃபங்ஷன். உள்ளே ஒரு ரிக்வெஸ்ட் போகும், வெளியே ஒரு ரெஸ்பான்ஸ் வந்தே ஆகணும். ‘ரிட்டர்ன்’ போட மறந்தால், ‘உன் வியூ எதையும் திருப்பித் தரலையே’ என்று ஜாங்கோ எர்ரர் போட்டுக் கத்தும். நல்ல வாத்தியார்.

ஆனால் எந்த எண்ணைப் போடுவது என்பதில் மட்டும் இந்த வாத்தியார் ரொம்ப சாது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 200 என்று எழுதிவிடுவார். இங்கேதான் நம்ம பசங்க மாட்டுகிறார்கள். டெமோ அன்றைக்கு எர்ரர் பக்கம் வந்து மானம் போகக்கூடாதே என்று, கோடு முழுவதையும் ஒரு ‘டிரை’க்குள் போட்டு, ‘எக்செப்ட்’டில் ‘மன்னிக்கவும், ஏதோ தவறு’ என்று அழகான பக்கத்தைக் காட்டிவிடுவது. பக்கம் மன்னிப்புக் கேட்கிறது, கவர் மேலே ‘200, எல்லாம் ஓகே’ என்று இருக்கிறது. இவ்வளவு பெரிய ஃபிரேம்வொர்க்கை வைத்துக்கொண்டு 1991-க்கே திரும்பிப் போயாச்சு!

அப்புறம் என்ன ஆகும்? காவல்கார புரோகிராம் 200-ஐப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும். டேட்டாபேஸ் படுத்துக் கிடப்பது யாராவது போன் பண்ணித் திட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியும். ‘ஃபீஸ் கட்டியாச்சா?’ என்று கேட்கிற மொபைல் ஆப் 200-ஐ மட்டும் பார்த்துப் பச்சை டிக் போட்டுவிடும். கட்டாத ஃபீஸுக்கு டிக்! ஹால் டிக்கெட் வராதபோதுதான் அந்தப் பையனுக்கு விஷயமே தெரியவரும். இல்லாத பக்கத்துக்கு 200 சொல்லும் வழக்கத்துக்கு கூகுள் ‘சாஃப்ட் 404’ என்று பெயரே வைத்திருக்கிறது. வைத்தியம் பெரிசா ஒன்றுமில்லை. அதே பக்கத்தைக் காட்டுங்கள், ‘ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் 500 என்று சேர்த்து அனுப்புங்கள். தேடிய ரோல் நம்பர் டேட்டாபேஸில் இல்லையா? அதற்கு ‘கெட் ஆப்ஜெக்ட் ஆர் 404’ என்று ஜாங்கோவிலேயே ரெடிமேட் வசதி இருக்கு.

எதிர்முனையிலும் ஒரு பள்ளம் உண்டு. ஜாவா ஸ்கிரிப்டின் ‘ஃபெட்ச்’, 404 வந்தாலும் 500 வந்தாலும் எர்ரர் என்று சொல்லாது. பதில் வந்துடுச்சு இல்ல, அது போதும் என்று இருந்துவிடும். வந்த ரெஸ்பான்ஸில் ‘ஓகே’ என்ற குணம் உண்மையா என்று நீங்கள்தான் பார்க்கணும். 200 முதல் 299 வரைக்கும்தான் அது உண்மை.

அடுத்தது கொஞ்சம் சீரியஸ். மார்க் ஷீட் முகவரியின் கடைசியில் 1042 என்று இருக்கிறது. அதை 1043 என்று மாற்றினால் பக்கத்து பெஞ்ச்காரரின் மார்க் தெரிகிறதா? தெரிந்தால் அது பிராஜெக்ட் இல்லை, கதவில்லாத வீடு. ‘இது இவருடையதுதானா’ என்று வியூவுக்குள் சோதித்தே ஆகணும். லாகின் பண்ணாதவருக்கு 401: ‘நீ யாரு?’ லாகின் பண்ணியும் உரிமை இல்லாதவருக்கு 403: ‘நீ யாருன்னு தெரியும், ஆனா விட மாட்டேன்.’ அப்படி ஒரு மார்க் ஷீட் இருப்பதே வெளியே தெரியக்கூடாது என்றால் 403-க்குப் பதில் 404 சொல்லலாம். கடைசியாக 2022-ல் வெளியான எச்.டி.டி.பி. விதிகளே இந்த ஒரு மறைப்புக்கு அனுமதி தருகின்றன.

சரி, எஃப்5-க்கு வருவோம். ஃபார்ம் வந்தது, பணம் வாங்கியாச்சு, டேட்டாபேஸில் எழுதியாச்சு. உடனே அங்கேயே ‘நன்றி’ பக்கத்தை அச்சடித்து அனுப்பக்கூடாது. ‘ரசீது அந்த முகவரியில் இருக்கு, போய்ப் பாரு’ என்று ஒரு ரீடைரக்ட் அனுப்பணும். பிரவுசர் அங்கே போய் ரசீதை வாங்கிக் காட்டும். இப்போது எஃப்5-ஐ நூறு தடவை தட்டுங்கள், ரசீதுதான் நூறு தடவை வரும், பணம் போகாது. முதல் பாராவில் விட்டுப்போன அந்த ஒரு வரி இதுதான். இதற்கென்றே பிறந்த எண் 303. ஜாங்கோவின் ‘ரீடைரக்ட்’ 302 அனுப்புகிறது. நடைமுறையில் பிரவுசர்கள் அதையும் இதே மாதிரிதான் எடுத்துக்கொள்கின்றன. 301 மட்டும் வேண்டாம். அது ‘நிரந்தரமாக வீடு மாறியாச்சு’ என்று அர்த்தம். பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு பழைய முகவரியை எட்டிக்கூடப் பார்க்காது.

இதனால் எல்லா ரெட்டைப் பணமும் நின்றுவிடுமா? நிற்காது. பதில் வருவதற்கு முன்பே ஒருவர் பட்டனை ரெண்டு தரம் அமுக்கினால் ரீடைரக்ட் என்ன பண்ணும், பாவம்? ஒவ்வொரு ஃபார்முக்கும் தனி டோக்கன் எண் கொடுத்து, ஒரே டோக்கன் ரெண்டாவது முறை வந்தால் டேட்டாபேஸே மறுக்கும்படி ‘யுனீக்’ கட்டுப்பாடு போட்டு வைக்கணும். பட்டனை ஜாவா ஸ்கிரிப்டால் மங்கலாக்கினால் போதும் என்பவர்களை நம்பாதீர்கள்.

ரிசல்ட் அன்றைக்குக் கூட்டம் தாங்காமல் சர்வர் திணறுகிறதா? 503 போட்டு, ‘ரீட்ரை ஆஃப்டர்’ ஹெடரில் எத்தனை செகண்ட் கழித்து வரலாம் என்று சொல்லி அனுப்பலாம். 418 என்றும் ஓர் எண் உண்டு. ‘நான் டீ கெட்டில், காபி போட மாட்டேன்’ என்று அர்த்தம். 1998 ஏப்ரல் முதல் தேதி வெளியான ஜோக் அது, பிராஜெக்ட்டில் போட்டு வைக்காதீர்கள். வைவாவில் விளக்கம் சொல்லி மாளாது.

இப்போது உங்கள் பிராஜெக்ட்டைத் திறங்கள். எஃப்12 தட்டி ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போங்கள். ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். இல்லாத ரோல் நம்பர் ஒன்றைத் தேடுங்கள். அந்தப் பத்தியில் 200 என்று வந்தால் இன்றைக்கு ராத்திரி உங்களுக்கு வேலை இருக்கு.