பாண்டு வாத்தியத்திற்கு உரிய உருப்படிகள்

பாண்டு வாத்தியம் என்றவுடன் நம்மவருள் பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றுவன அணிவகுப்பும், கொடியேற்றமும், கல்யாண ஊர்வலமுமேயாம். அமர்ந்து கேட்டற்குரிய சங்கீதம் அதன்கண் உண்டென்று ஒப்புவோர் மிகச் சிலர். வாசிப்போருள்ளும் பலர் இக்கொள்கையினரே என்பதுதான் வியப்பு. பாண்டில் சில ஆண்டுகள் அமர்ந்து வாசித்த பழக்கத்தாலும், அதனினும் மிகுதியாகக் கேட்ட பழக்கத்தாலும், எமக்கு உவப்பான உருப்படிகள் எவையென்றும், அவை உவப்பாவது ஏனென்றும் ஈண்டுக் கூறத் துணிகின்றோம். எமது கட்சி இதுவே: கேட்போரையும் முதல் கிளாரினெட்டுக்காரரையும் மட்டும் மகிழ்விப்பது நல்ல உருப்படியன்று, மூன்றாம் கிளாரினெட்டுக்கும் டியூபாவுக்கும் கூடச் சொல்வதற்கு ஒரு சொல்லைத் தருவதே நல்ல உருப்படி.

முதலில் மார்ச்சுகளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கராகிய ஜான் பிலிப் சூசா (1854–1932) அந்நாட்டு மரீன் படையின் பாண்டை 1880 முதல் 1892 வரை நடத்தி, பின்னர்த் தம் பெயராலேயே ஒரு பாண்டு அமைத்துப் பல தேசங்களுக்கும் சென்றவர். அவர் 1896-இல் இயற்றிய 'ஸ்டார்ஸ் அண்டு ஸ்டிரைப்ஸ் பாரெவர்' என்னும் மார்ச்சு, 1987-இல் அந்நாட்டுச் சட்டத்தினாலேயே தேசிய மார்ச்சு என்னும் பதவியை எய்தியது. அதன் பிற்பகுதியில் மெட்டின் தலைக்குமேல் பிக்கலோ துள்ளி விளையாடுவதைக் கேட்டு மனம் துள்ளாதார் இலர். ஆனால் அதனை வாசித்த ஹார்ன்காரர் ஒருவரை வினவுமின். தாளத்தின் அடி டியூபாவினுடையது. அவ்வடிக்கு எதிரே விழும் எதிரடி ஹார்னுடையது. பெரும்பாலான மார்ச்சுகளில் இவ்விருவர்க்கும் இதனையன்றி வேலை வேறொன்றும் இல்லை. மார்ச்சு கால்களுக்காகப் பிறந்தது. அவ்வேலையை அது செவ்வனே செய்கின்றது. ஆயினும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் எதிரடியே வாசித்த இளைஞர் மறு ஆண்டு பாண்டுக்கு வாராதொழிந்தால், அவரைச் சோம்பேறி என்று ஏசுதல் நீதியாமோ?

இனி, ஆர்கெஸ்டிராவுக்கென எழுதியவற்றைப் பாண்டுக்கு மாற்றி வாசிப்பது உண்டு. ஸூப்பே, ரோஸினி முதலியோரின் நாடக முன்னிசைகள் இவ்வகையின. பிடில்கள் செய்யவேண்டிய வேலையெல்லாம் கிளாரினெட்டுகளின் தலையில் விழும். வில்லுக்கு மூச்சு வாங்குவதில்லை; மனிதருக்கு வாங்கும். ஆர்கெஸ்டிராவே இல்லாத ஊர்களின் மக்கள் பெருஞ் சங்கீதத்தை முதன்முதற் கேட்டது பூங்காக்களில் பாண்டுகளின் வாயிலாகவே என்பதை யாம் மறந்திலோம். அந்நன்றி என்றும் உரியது. எனினும் பிறர் சட்டையை அணிந்து எத்தனை காலம் உலாவுவது?

இக்கேள்விக்கு 1909-இல் ஒரு விடை கிடைத்தது. ஆங்கிலேயராகிய குஸ்தாவ் ஹோல்ஸ்ட் (1874–1934) அவ்வாண்டில் 'இ பிளாட் முதல் ஸ்வீட்' என்பதனைப் பாண்டுக்கென்றே இயற்றினார். 'ஸ்வீட்' என்பது பல பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த கோவையாதலின், முதற் கோவை என்றே இனிச் சுட்டுவோம். ஹோல்ஸ்ட் வலக்கையின் நரம்பு நோயினால் பியானோ வித்வானாகும் ஆசையைக் கைவிட்டு, டிராம்போன் வாசித்துச் சில ஆண்டுகள் ஜீவனம் செய்தவர். பின்னர்ப் பெண்கள் பள்ளியொன்றில் சங்கீத ஆசிரியரானவர். ரிக் வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்க்கும் பொருட்டு ஸம்ஸ்கிருதம் பயின்றார் என்பதும், சாவித்திரி கதையை 1908-இல் ஒரு சிறு இசைநாடகமாக்கினார் என்பதும் நம்மவர் அறியத்தக்கன. பின்வரிசையில் டிராம்போனோடு அமர்ந்து பிறர் வாசிப்பதையே நெடுநேரம் கேட்டிருந்தவர் எழுதியது இது என்பது முதற் கோவையின் ஒவ்வொரு வரியிலும் தெரிகின்றது.

அதன் முதற்பகுதி 'சக்கோன்' எனப்படும். எட்டு ஆவர்த்தமே உடைய ஒரு மெட்டு மீண்டும் மீண்டும் வரும். அதனைச் சூழ்ந்து பிறவெல்லாம் மாறும். அம்மெட்டைத் தொடங்குவது யார்? டிரம்பெட்டும் அன்று, கிளாரினெட்டும் அன்று. டியூபாவும் யூபோனியமும் வேறு துணையின்றித் தணிந்த குரலில் தொடங்குகின்றன. ஆண்டு முழுதும் அடி மட்டும் போட்டவர்க்குச் சபையின் முன் முதல் வார்த்தை பேசும் உரிமை! டியூபாக்காரர் இருக்கையில் நிமிர்ந்து உட்காரும் காட்சியை இவ்விடத்திலேயே காணலாம். பின்னர் மெட்டு ஒரு வாத்தியத்தினின்றும் மற்றொன்றற்குக் கைமாறுகின்றது. நடுவில் முழக்கமெல்லாம் ஓய்ந்து, ஓரிரு வாத்தியங்களே பேசும் அமைதி பிறக்கின்றது. அதன்பின் மெட்டு தலைகீழாகின்றது. ஏறிய இடத்தில் இறங்கி, இறங்கிய இடத்தில் ஏறித் துயரச் சாயை கொள்கின்றது. முடிவில் தன் பழைய உருவோடு மெல்ல எழுந்து, பாண்டு முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு முடிகின்றது. இவ்வளவும் ஏறக்குறைய ஐந்து நிமிஷத்தில்!

இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியாகிய மார்ச்சும் சக்கோனின் முதற் சில சுரங்களிலிருந்தே முளைத்தவை. அதனாலேயே மூன்றையும் இடைவிடாது வாசிக்கவேண்டுமென ஹோல்ஸ்ட் கேட்டுக்கொண்டார். நடுவே கைதட்டும் சபையோர் இதனை மனத்துட் கொள்வாராக. மார்ச்சில் பித்தளை வாத்தியங்கள் கம்பீரமாக ஒரு மெட்டை வாசிக்கும். மர வாத்தியங்கள் அமைதியாக வேறொன்றை வாசிக்கும். இறுதியில் இரண்டும் ஒருங்கே ஒலிக்கும். மார்ச்சு என்றால் எதிரடிதான் என்பார்க்கு இதுவே மறுமொழி.

அவரே 1911-இல் இயற்றிய இரண்டாம் கோவை நாட்டுப்பாடல்களால் ஆயது. அதன் கடைசிப் பகுதியில் துள்ளுநடை மெட்டொன்று ஓயாது சுழன்றுகொண்டிருக்க, அதன்மீது 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்னும் நீண்ட பழம்பாட்டு வந்து படிகின்றது. இரண்டின் தாளநடையும் வேறு. முதன்முறை வாசிப்போர் தடுமாறுவர். தடுமாற்றம் தீர்ந்த நாளின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வான் வில்லியம்ஸ் 1923-இல் எழுதிய ஆங்கில நாட்டுப்பாடற் கோவையும் இவ்வினத்தது. வாசிக்க எளிது, கேட்க இனிது. அதற்குமேல் அதனைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

மிகுதியாகச் சொல்லவேண்டுவது பெர்சி கிரெயிஞ்சரின் 'லிங்கன்ஷயர் போசி'யைப் பற்றியே. மெல்பர்னில் 1882-இல் பிறந்த இவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்கச் சேனையின் பாண்டில் சேர்ந்து வாசித்தவர். 1905, 1906 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் முதியோர் பாடக் கேட்டுப் பாடல்களைத் திரட்டினார். போனோகிராப் யந்திரத்தில் மெழுகு உருளைகளிலும் பதிந்தார். பாடல் திரட்டுவோர் பலர் கிழவர்களின் தாளத்தைத் 'திருத்தி' எழுதினர். கிரெயிஞ்சரோ, கிழவர் நிறுத்திய இடத்தில் தாமும் நிறுத்தி, நீட்டிய இடத்தில் தாமும் நீட்டினார். லிங்கன்ஷயர் நாட்டுப்பாடல்கள் ஆறனை 1937-இல் பாண்டுக்கு அமைத்து, பாடிய அம்முதியோர்க்கே காணிக்கையாக்கினார். ஜோசப் டெய்லர் என்பார் பாடிய பாட்டிலிருந்து எழுந்த மூன்றாம் பகுதியில் தாளம் ஓரளவில் நில்லாது மாறிக்கொண்டே செல்லும். ஐந்தாம் பகுதியிலோ சிற்சில இடங்களில் தாளக்கட்டே இல்லை. நம் நாட்டில் விருத்தம் பாடுவார் போல, பாண்டு மாஸ்டர் தம் மனத்தின்படி நடத்துவார், மற்றையோர் அவர் கையையே நோக்கியிருப்பர். மில்வாக்கியில் நிகழ்ந்த முதல் அரங்கேற்றத்தில், வாசிப்போர்க்கு அரிதாயிருந்தமையின் சில பகுதிகள் விடப்பட்டன. ஒரு கிழவரின் மூச்சைப் பின்பற்றுதல் பாண்டுக்காரர்க்கு எத்தனை அரிதாயிற்று!

வாசித்தற்கன்றிக் கேட்டற்கென்றே யாம் போற்றுவது ஒன்றுண்டு. செக் நாட்டவராகிய காரெல் ஹுஸா, சோவியத் நாட்டின் தலைமையில் அயற்படைகள் 1968 ஆகஸ்டில் தம் தாய்நாட்டுட் புகுந்த செய்தியை அமெரிக்காவிலிருந்து கேட்டார்; 'மியூசிக் பார் பிராக் 1968' என்னும் உருப்படியை எழுதினார். பறவைக் குரல் போன்று தனித்த பிக்கலோ தொடங்குகின்றது, மணிகள் ஒலிக்கின்றன, பதினைந்தாம் நூற்றாண்டின் ஹுஸைட் போர்ப்பாட்டொன்று ஊடே வருகின்றது. ஒரு பகுதி முழுவதும் தட்டுக்கருவிகளே. பாண்டு அழவும் வல்லது என்பதை ஐயுறுவார் இசைத்தட்டிலேனும் இதனைக் கேட்க. நம் போன்ற கல்லூரிப் பாண்டு இதனைத் தொடாதிருப்பதே மரியாதை.

சபையோர்க்குப் பழகிய சினிமாப் பாட்டும் மார்ச்சுமே வேண்டும் என்று சிலர் கூறுவர். சபையோர் கேளாததை எங்ஙனம் விரும்புவர்? கல்லூரி நாளில் மார்ச்சு இரண்டு இருக்கட்டும். சினிமாப் பாட்டொன்றும் இருக்கட்டும். அவற்றோடு சக்கோனும் இருக்கட்டும். ஓபோவும் சாக்ஸபோன் வகையனைத்தும் நம்மிடம் இல்லையே என்பாருக்கு ஒன்று கூறுவோம். சிறிய பாண்டுகளை நினைந்து, சில வாத்தியங்கள் இல்லாமலும் வாசிக்கும்படியே ஹோல்ஸ்ட் முதற் கோவையை அமைத்தார். ஆசிரியர் காலஞ்சென்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. ஆதலின் நம் நாட்டில் அதன் மூலத்திற்குப் பதிப்புரிமைத் தடையும் இல்லை. கிளாரினெட் மூன்று வரிசையும், இரண்டு ஹார்னும், யூபோனியமும், ஒரு டியூபாவும் உள்ள பாண்டு ஜூலையில் தொடங்கினால், வாரம் இருமுறைப் பயிற்சியோடு டிசம்பருக்குள் சக்கோனை மேடையேற்றலாம். முதல் மூன்று வாரம் டியூபாவும் யூபோனியமும் அவ்வெட்டு ஆவர்த்தத்தைத் தனியே வாசித்துப் பழகட்டும். மற்றையோர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கட்டும்.