பூனையின் வாய் நாறினால்...

பூனை கொட்டாவி விடும்போது பக்கத்தில் முகத்தை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். குப்பென்று ஒரு வாடை வரும். "மீன் தின்கிற ஜென்மம், நாறாம மணக்கவா செய்யும்?" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தின்ற மீனின் வாடை கொஞ்ச நேரத்தில் போய்விடும். நாள்கணக்கில் போகாத நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈறு. பல்லின் மேல் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். கிருமி ஈறுக்கு அடியில் இறங்கும்போது ஈறு சிவந்து வீங்கும். இதுவரை சரிசெய்துவிடலாம். அதையும் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்தால், கரைந்தது கரைந்ததுதான். 4 வயதைத் தாண்டிய பூனைகளில் 50 முதல் 90 சதவீதம் வரை ஏதாவது ஒரு பல்நோய் இருப்பதாக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பூனை நல மையம் சொல்கிறது.

"அதான் நல்லா சாப்பிடுதே!" என்பார்கள். வலியை மறைப்பதில் பூனை பலே கில்லாடி. வலித்தாலும் பசிக்குமே, சாப்பிடத்தான் செய்யும். கவனித்துப் பார்த்தால் ஒரு பக்கமாக மெல்லும், வாயில் எடுத்ததைக் கீழே போடும், தட்டு வரை ஓடி வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். எச்சில் வடியும். நாள் முழுக்க நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பூனை அதை நிறுத்திவிட, முடி சிக்குப் பிடிக்கும். "வயசாயிடுச்சு" என்று அதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது!

பூனைகளுக்கு அடிக்கடி வருகிற இன்னொரு தொல்லையும் உண்டு. உடம்பே தன் பல்லைக் கரைத்துவிடும். ஏன் என்று இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. நம் சொத்தைப் பல் போல அடைத்துக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடுவதுதான் வழி. வேர் எந்த அளவு கரைந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்தால்தான் தெரியும்.

இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். "ஐயோ பாவம், பல்லைப் பிடுங்கினால் எப்படிச் சாப்பிடும்?" பூனையின் 30 பற்களும் இரையைப் பிடிக்கவும் கிழிக்கவும் அமைந்தவை. தட்டில் வைத்த மீனும் சோறும் தின்கிற வீட்டுப் பூனைக்கு அவை இல்லாமலும் காலம் ஓடும். வாய் முழுக்கப் புண்ணாகி எல்லாப் பல்லையும் எடுத்த பூனைகளில் பெரும்பாலானவை முன்பைவிட நன்றாகவே சாப்பிடுகின்றன. அழுகிய பல்லை வாயிலேயே விட்டுவைப்பதை இரக்கம் என்று எப்படிச் சொல்வது?

மயக்க மருந்து இல்லாமல் சுரண்டிவிடுவதும் சில இடங்களில் நடக்கிறது. மலிவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பாகம்தான் வெளுக்கும், நோய் இருப்பதோ ஈறுக்கு அடியில். சுவருக்கு வெள்ளையடித்துக் கரையானை மறைக்கிற கதை. மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

குட்டியிலிருந்தே பழக்கினால் பல் தேய்க்கவும் விடும். பூனைகளுக்கென்றே கோழிச் சுவையில் பேஸ்ட் விற்கிறது. நம் பேஸ்ட் கூடவே கூடாது, அதற்குத் துப்பத் தெரியாது, ஃபுளோரைடை விழுங்கிவிடும். ஈறு ஏற்கெனவே புண்ணாக இருந்தால் தேய்க்கக் கூடாது, முதலில் டாக்டர். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.

இன்றைக்கே பூனை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மேல் உதட்டை லேசாகத் தூக்கி, கடைவாய்ப் பக்கம் ஈறின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கையில் கீறல் விழுந்தால் கம்பெனி பொறுப்பல்ல :)