வேகத்தை அளக்கும் பொறுப்பை மாணவர்களுக்குக் கொடுப்போம்
இளம்பிள்ளைச் சாலைகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

இளம்பிள்ளையில் பள்ளிகள் உள்ள தெருக்களிலும் கடைவீதியிலும் எந்த வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் போகின்றன என்பதை அளந்து ஊருக்குச் சொல்லும் வேலையில் நம் மாணவர்களுக்கு இடம் வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. ஜனவரியில் ஒரு சாலைப் பாதுகாப்பு ஊர்வலம், கையில் பதாகை, வரிசையில் நின்று ஓர் உறுதிமொழி என்று ஆண்டுக்கொரு முறை முடித்துக்கொள்வது போதாது. பதாகை பிடித்த பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பியதும் வண்டிகள் பழையபடியே பறக்கின்றன.

இது சேலை நெய்து, சேலை விற்றுப் பிழைக்கும் ஊர். தறிக்குப் போகும் நூலும், கடைக்கு வரும் சேலைக் கட்டும், வெளியூர் வியாபாரிகள் வரும் வேனும், பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் தெருவைத்தான் பயன்படுத்துகின்றன. தீபாவளி நெருங்கினால் நெரிசல் இன்னும் கூடும். அமாவாசையன்று கஞ்சமலைச் சித்தர்கோவிலுக்குப் போகும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். காகாபாளையத்தில் சேலம்–கோவை நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பும் ஓட்டுநர், அங்கே பழகிய வேகத்திலேயே ஊருக்குள்ளும் வருகிறார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பள்ளி வாசலில் டூவீலரை முறுக்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள், நம் வீட்டுப் பையன்கள்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. உலக அளவில் 5 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களை அதிகம் பலிகொள்வது நோயல்ல, சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிற வயது. இழப்பு யாருக்கு அதிகமோ அவர்களுக்கு இதில் பேச உரிமை உண்டு. மாணவர்களை நாங்கள் முன்னிறுத்துவதன் முதல் காரணம் இதுதான்.

30 என்ற எண் மனம்போன போக்கில் சொன்னதல்ல. 60-இல் வரும் வண்டியின் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆனால், அதற்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஒரு 20 மீட்டர் தேவை. 30-இல் வரும் வண்டி மொத்தமே சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை 15 மீட்டர் தூரத்தில் தெருவுக்குள் ஓடிவந்தால், முதல் வண்டி பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே மோதிவிடும். இரண்டாவது வண்டி தொடாமல் நின்றிருக்கும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் 30-ஐ வரம்பாக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் கூடிய நாடுகள் அறிவித்தன. சென்னையிலும் 2023-இல் குடியிருப்புத் தெருக்களுக்கு இதே 30 நிர்ணயிக்கப்பட்டது. பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஓரிடத்தில் வேக வரம்பைக் குறைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு மாநில அரசுக்கும், அது அதிகாரம் அளிக்கும் அலுவலருக்கும் இடம் தருகிறது. நாங்கள் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியது என்ன? பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டிய சாலையில் 50 மீட்டரை அளந்து இரு முனையிலும் குறியிட்டால் போதும். ஒரு வண்டி அந்தத் தூரத்தை 6 வினாடியில் கடந்தால் அதன் வேகம் 30. நான்கரை வினாடி என்றால் 40. மூன்றே வினாடி என்றால் 60. முதல் குறியை வண்டி தாண்டும்போது ஒரு மாணவி கையைத் தூக்குவாள். அடுத்த குறியில் நிற்பவள் அதைப் பார்த்து ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, வண்டி தன் குறியைத் தாண்டியதும் நிறுத்துவாள். மூன்றாமவள் நோட்டில் எழுதுவாள். டூவீலரா, காரா, வேனா, பேருந்தா, எத்தனை வினாடி என்பது மட்டும் போதும். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கமும் கணக்கில் புள்ளியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை கிடைக்காது. ஸ்டாப்வாட்ச் கணக்கில் தனி ஒரு வண்டிக்குப் பிழை வரலாம். நூறு வண்டிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஊரின் நிலை தெரிந்துவிடும். பேரூராட்சித் தலைவரிடம் “வேகமாகப் போகிறார்கள்” என்று புலம்புவது வேறு. “காலை எட்டரை மணிக்கு நூற்றில் இத்தனை வண்டி 40-ஐத் தாண்டுகிறது” என்று தாளை நீட்டுவது வேறு.

சில எல்லைகளில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். மாணவர்கள் சாலையில் இறங்கக் கூடாது. சுற்றுச்சுவருக்கு உள்ளேயோ மாடியிலோதான் நிற்க வேண்டும், ஆசிரியர் உடனிருக்க வேண்டும். வண்டி எண்ணைக் குறிக்கவோ, படம் பிடிக்கவோ, யாரையும் மறிக்கவோ கூடாது. அபராதம் விதிப்பது காவல்துறையின் வேலை. போலீஸ் பற்றாக்குறை என்று சொல்லிப் பிள்ளைகளை வெயிலில் சந்திப்புக்கு நடுவே நிறுத்துவதை எந்தப் பெயரில் செய்தாலும் எதிர்ப்போம். லண்டனில் பள்ளிப் பிள்ளைகள் வேகமாக வந்த ஓட்டுநர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்கிறார்கள். காவலர் நிறுத்தித் தரும் ஓட்டுநரிடம், காவலர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்கிறார்கள். அந்த அளவு காவல்துறைத் துணை இங்கே கிடைக்கும்போது அதையும் செய்யலாம்.

இதனால் சாலை பசுமையாகுமா என்று கேட்கிறார்கள். 50-இல் போன வண்டி 30-இல் போனால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நாங்கள் சொல்லவில்லை, அது உண்மையும் அல்ல. எரிபொருள் சிக்கனத்துக்கு ஏற்றது 45 முதல் 55 வரையிலான சீரான வேகம் என்பது பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கத்தின் அறிவுரை. அது நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். ஊருக்குள் கிடைக்கும் பலன் சைக்கிளில் இருக்கிறது. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு விலையில்லாமல் சைக்கிள் கொடுக்கிறது. அந்தச் சைக்கிளை ரோட்டில் ஓட்டிப் போக விடப் பயந்து, அப்பாவோ அண்ணனோ டூவீலரில் கொண்டுபோய் விடுகிறார்கள். பள்ளி வாசலில் வண்டி கூடுகிறது, புகை கூடுகிறது, ஹாரன் கூடுகிறது. சைக்கிளில் வரும் மற்றப் பிள்ளைக்கு ஆபத்தும் கூடுகிறது. எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலுக்கும் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் சேர்கிறது. சைக்கிளுக்கு அந்தக் கணக்கே இல்லை. வேகம் குறைந்தால் சைக்கிள் தெருவுக்குத் திரும்பும். பள்ளிகளில் இருக்கும் தேசியப் பசுமைப் படை மரக்கன்று நடுவதோடு இந்தக் கணக்கெடுப்பையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது அதனால்தான்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் பைக் சாவியைக் கொடுத்து, அவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக இதற்குத் துணிவது பாசமல்ல.

சரக்கு தாமதமாகும் என்ற வியாபாரிகளின் கவலையை மதிக்கிறோம். ஆனால் ஊருக்குள் ஓடும் இரண்டு கிலோமீட்டரை 50-க்குப் பதிலாக 30-இல் ஓட்டினால் கூடுதலாக ஆவது ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். எந்தச் சேலைக் கட்டும் அதனால் கெட்டுவிடாது. கடை உரிமையாளர்கள் தங்கள் ஓட்டுநர்களிடம் ஒரு வார்த்தை சொன்னாலே பாதி வேலை முடியும்.

மாணவர்கள் தரும் கணக்கைப் பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அதை அனுப்ப வேண்டும். நெடுஞ்சாலைத்துறை பள்ளிகளுக்கு முன்னே 30 பலகை வைத்து, முறையான அளவில் வேகத்தடை போட்டு, வெள்ளை அடித்து, முன்னெச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். இரவில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தடை டூவீலரில் வருபவரைத் தூக்கி எறிந்துவிடும். இவை செய்யப்பட்ட பின் மாணவர்கள் அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். வேகம் குறையவில்லை என்றால் செய்தது போதவில்லை என்று பொருள். அதையும் வெளிப்படையாகச் சொல்ல அவர்களை அனுமதிக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, ஆசிரியர்களே, அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அளவுநாடா, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, உடன் நிற்க ஓர் ஆசிரியர், இவ்வளவுதான் தேவை. தொடங்க விரும்பும் எந்தப் பள்ளிக்கும் எங்கள் உறுப்பினர்கள் வந்து நின்று உதவுவார்கள்.